சமூகக்கல்வியும் துறைமுகமும்: தேசியப் பாடத்திட்டம் குறித்துச் சில அவதானிப்புகள்

இலங்கைப் பாடசாலைகளில் சமூகக்கல்வி என்னும் பாடம் 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தோடு நிலைபெற்றது. வரலாறு, புவியியல், குடியியல் எனத் தனித்து நின்றவற்றை ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை ஒருங்கிணைத்த அம்முயற்சியை 1971 ஏப்ரல் கிளர்ச்சியின் பின்னணியில் வைத்தே நோக்குதல் வேண்டும். கற்ற இளைஞர் வேலையின்றி ஆயுதமேந்திய சூழலில், ஏட்டுக்கும் வாழ்வுக்கும் இடைப்பட்ட பிளவைக் கல்வியினூடாக நிரவ அரசு முனைந்தது. பிரதேசத் தொழில்களை வகுப்பறைக்குக் கொணர்ந்த தொழில்முன்னிலைப் பாடங்களும் உடன் அறிமுகமாயின. வலை முடியக் கற்பதை இழிவெனக் கருதிய மத்தியதர வர்க்க மனப்பான்மை அவற்றை வேரூன்றவிடவில்லை. இதில் தமிழ் மத்தியதர வர்க்கம் விதிவிலக்கன்று. 1977இன் ஆட்சி மாற்றத்தின் பின்னர் தேசிய பொதுக்கல்விச் சான்றிதழ்ப் பரீட்சை கைவிடப்பட்டது. சமூகக்கல்வி எஞ்சியதாயினும், அதனை ஈன்ற நோக்கு எஞ்சவில்லை.

2007 முதல் வரலாறு மீண்டும் தனிப்பாடமாகி, பதினோராந் தரம் வரை கட்டாயமாக்கப்பட்டது. புவியியலும் குடியியலும் மேல் வகுப்புகளில் விருப்பப் பாடங்களாயின. இப்பிரிப்பை நிருவாக மாற்றமென்று மட்டும் கொள்ள இயலாது. மன்னர் வரிசை அனைவர்க்கும் கட்டாயம். வளமும் உழைப்பும் உரிமையும் விரும்பியோர்க்கு மட்டும் என்பதே அதன் உட்கிடை.

திருகோணமலையில் நின்று பார்க்குமிடத்து இதன் விளைவு துலக்கமாகின்றது. மகாவலி கொட்டியாரக் குடாவிற் கலப்பதை இங்குள்ள மாணவன் புவியியலிற் கற்கிறான். கைத்தொழிற் புரட்சியையும் உலக மகாயுத்தங்களையும் வரலாற்றிற் கற்கிறான். ஆனால் அப்புரட்சி ஈன்ற கப்பற்படைக்கு இவ்வாழ்கடல் ஏன் தேவைப்பட்டது, சீனன்குடாக் காட்டினுள் 99 எண்ணெய்க் குதங்கள் ஏன் நிற்கின்றன, 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் ஏன் இவ்வூரைத் தாக்கின என்பன மூன்று பாடங்களுக்கிடையே சிதறிப்போகும் வினாக்கள். 1957இல் பிரித்தானியக் கடற்படைத்தளம் கையளிக்கப்பட்டது தேசிய வரலாற்றில் இறைமையின் வெற்றி. கப்பற்பட்டறையை நம்பி வாழ்ந்த குடும்பங்களுக்கோ அது வேலையிழப்புமாகும். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதற்குரிய பாடமாகவே சமூகக்கல்வி அமைந்திருக்க வேண்டும். அக்குதங்கள் 2022 சனவரி உடன்படிக்கையால் இந்திய, இலங்கை நிறுவனங்களுக்கிடையே பங்கிடப்பட்டபோது, அவற்றருகே வளரும் பிள்ளை அதனை அரசியற் சண்டையாக மட்டுமே கேட்டிருக்கும்.

இங்கு எம்மவர் வழமையாக முன்வைக்கும் மாற்று ஒன்றுண்டு. அநுராதபுர மன்னருக்குப் பதிலாகத் தமிழ் மன்னரையும், 1624இல் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தொன்மையையும் சேர்த்துவிட்டாற் போதும் என்பது அது. கோயிலின் அழிவு கற்பிக்கப்பட வேண்டியதே. அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தமை காலனித்துவத்தை விளக்கச் சிறந்த சான்று. எனினும் ஒரு பட்டியலுக்கு மாற்றாக இன்னொரு பட்டியலை வைப்பதால் நோக்கு முறை மாறுவதில்லை. நகருக்கு வடமேற்கே பெரியகுளத்தினருகேயுள்ள வெல்கம் விகாரையை எடுத்துக்கொள்வோம். சோழராட்சியில் அது இராசராசப் பெரும்பள்ளி எனப்பட்டது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் பௌத்தப் பள்ளிக்குத் தமிழில் பதிவுசெய்யப்பட்ட கொடைகளைக் கூறுகின்றன. பௌத்தர் எனிற் சிங்களவர், தமிழர் எனிற் சைவர் என்ற இன்றைய சமன்பாடு பதினோராம் நூற்றாண்டுக்குப் பொருந்தாமையை இதனினும் எளிதாக விளக்குதல் அரிது. இரு தரப்புத் தேசியவாதிகளுக்கும் இது சங்கடமானதே. இன அடையாளமும் கருத்துநிலையும் வரலாற்றில் உருமாறி வந்தமையை ஆர். ஏ. எல். எச். குணவர்த்தன 1979இல் விரிவாக ஆராய்ந்தார். ரெஜி சிறிவர்தன, கா. இந்திரபாலா முதலியோர் 1980களில் பாடநூல்களையே ஆய்வுக்குட்படுத்தினர். அவ்வறிவு பல்கலைக்கழக நூலகங்களைத் தாண்டி வகுப்பறையை எட்டியது சொற்பமே.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏறத்தாழ 3,80,000 மக்கள் வாழ்ந்த இம்மாவட்டத்தில் முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் ஆகிய எவரும் பாதித்தொகையை எட்டவில்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும் மீன்பிடிப்போரும் தம்பலகாமத்தில் நெல் விளைவிப்போரும் துறைமுகத்திற் சுமை ஏற்றுவோரும் பொருளுற்பத்தியில் ஒருவரையொருவர் சார்ந்தவர்கள். பாடசாலையிலோ மொழியாலும் மதத்தாலும் பிரிந்திருப்பவர்கள். மகரகமவில் தேசிய கல்வி நிறுவகம் வகுக்கும் தேர்ச்சிமட்டங்கள் இச்சார்பை அறியா.

தேசிய நியமம் வேண்டாமென யாம் வாதிடவில்லை. அதனைக் கைவிட்டால் வசதிபடைத்த பாடசாலைகள் மட்டுமே பயன்பெறும். 1980 முதல் வழங்கப்பட்டுவரும் இலவசப் பாடநூல் வறிய பிள்ளைக்கு எத்துணைப் பெரிய உரிமை என்பதை யாம் மறந்துவிடலாகாது. யாம் வேண்டுவது, ஒவ்வொரு மாவட்டத்திலும் உற்பத்தி, உழைப்பு, குடிபெயர்வு பற்றிய ஓர் அலகை அவ்வட்டாரத்து மும்மொழி ஆசிரியர்கள் ஒருங்கிருந்து எழுதுவதும், அது பரீட்சையில் மதிப்பிடப்படுவதுமாகும். பின்னையதே கடினம். நாடு முழுவதற்கும் ஒரே வினாத்தாள் என்றிருக்கும்வரை, மாணவரைச் சீனன்குடாவுக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர் பாடத்தை முடிக்காதவர் என்றே கணிக்கப்படுவார். ஆதலின் உள்ளூர் அலகுக்குரிய புள்ளிகளைப் பாடசாலை மட்டக் கணிப்பீட்டின் வழி வழங்கி, அவற்றைச் சாதாரண தரப் பெறுபேற்றோடு சேர்க்கும் ஒழுங்கு முதலில் வகுக்கப்படுதல் வேண்டும்.