உபநிஷதம் படித்த மொகலாய இளவரசர்

ஒரு முஸ்லிம் மற்ற மதங்களின் வேதங்களைப் படிக்கலாமா? டில்லியில் ஒரு காலத்தில் இந்தக் கேள்வி ஓர் இளவரசரின் உயிர்ப் பிரச்சினை ஆயிற்று!

அவர் பெயர் தாரா ஷிக்கோ. தாஜ்மகாலைக் கட்டிய ஷாஜகான் சக்கரவர்த்தியின் மூத்த மகன். 1615-ம் ஆண்டு அஜ்மீரில் பிறந்தவர். தமக்குப் பின் தாராவே பட்டத்துக்கு வரவேண்டும் என்பது தந்தையின் ஆசை.

தாராவுக்குப் போரைவிடப் புத்தகங்களில் பிரியம் அதிகம். அவர் சூஃபி ஞானிகளின் சீடர். இறைவன் ஒருவனே என்ற உண்மையை மற்ற வேதங்கள் எப்படிச் சொல்கின்றன என்று அறிய விரும்பினார். யூதர்களின் தோராவைப் படித்தார். கிறிஸ்தவர்களின் சுவிசேஷத்தையும் படித்தார். அவற்றில் விளக்கம் சுருக்கமாக இருப்பதாக அவருக்குத் தோன்றியது.

காசிப் பண்டிதர்கள்

ஆகவே காசியைச் சேர்ந்த பண்டிதர்களையும் சந்நியாசிகளையும் கூட்டினார். அவர்கள் துணையுடன் 50 உபநிஷதங்கள் பாரசீக மொழியில் வெளிவந்தன. 1657-ல், ஆறே மாதத்தில் வேலை முடிந்தது! "சிர்ரே அக்பர்" என்று அந்த நூலுக்குப் பெயர் வைத்தார். "மாபெரும் இரகசியம்" என்பது அதன் பொருள்.

திருக்குர்ஆனில் "மறைவாக உள்ள ஏடு" என்று ஒரு சொல் வருகிறது. அது இறைவனிடம் உள்ள ஏடு என்பது விரிவுரையாளர்கள் பலரின் கருத்து. அது உபநிஷதமே என்று தாரா எழுதிவிட்டார்!

படித்தது குற்றமா?

தாராவுக்கு முன்பும் படித்தவர்கள் உண்டு. 11-ம் நூற்றாண்டில் அல்பிரூனி என்ற அறிஞர் சமஸ்கிருதம் கற்று, இந்துக்களின் சாஸ்திரங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். அக்பர் சக்கரவர்த்தி மகாபாரதத்தைப் பாரசீகத்தில் எழுதச் செய்தார். இவர்கள் உயிருக்கு ஆபத்து வரவில்லை.

மார்க்கத்தை நன்கு கற்றவர்கள் பிற வேதங்களை ஆராயலாம், கல்லாதவர்கள் குழப்பம் அடையக்கூடாது என்பதே உலமாக்கள் பலரின் கருத்து.

சிம்மாசனச் சண்டை

1657-ல் ஷாஜகான் நோயில் விழுந்தார். பிள்ளைகள் நால்வரும் சிம்மாசனத்துக்காக மோதிக்கொண்டனர். 1658-ல் ஆக்ராவுக்கு அருகே சாமுகர் போரில் தம்பி அவுரங்கசீப் வென்றார். தாரா ஓடினார். மாலிக் ஜீவன் என்பவனிடம் அடைக்கலம் புகுந்தார். ஒரு சமயம் அவன் உயிரைக் காப்பாற்றியவரே தாராதான். அவனோ அவரைப் பிடித்துக் கொடுத்தான்!

தாராவை யானை மீது ஏற்றி, டில்லி வீதிகளில் கொண்டு சென்றனர். பார்த்த மக்கள் அழுதனர். மார்க்கத்தை விட்டு விலகினார் என்று குற்றம் சாட்டி, 1659 ஆகஸ்டில் அவரைக் கொன்றனர்.

உண்மைக் காரணம் எது? இன்னொரு தம்பி முராது உபநிஷதம் எதையும் மொழிபெயர்க்கவில்லை. அவரும் 1661-ல் குவாலியர் கோட்டையில் கொல்லப்பட்டார். சிம்மாசனத்துக்குப் போட்டியாக இருந்ததே இருவர் உயிரையும் பறித்தது. தாராவின் படிப்பு அதற்கு ஒரு சாக்காக உதவிற்று.

புத்தகம் வாழ்ந்தது

தாராவின் உடல் டில்லியில் ஹுமாயூன் சமாதியில் அடக்கமாயிற்று. அவர் நூலோ கடல் கடந்தது. பிரெஞ்சு அறிஞர் ஆங்கெட்டில் துப்பெரோன் அதை லத்தீனில் மொழிபெயர்த்து, 1801, 1802-ம் ஆண்டுகளில் வெளியிட்டார். ஜெர்மன் தத்துவ ஞானி ஷோப்பனவர் அதைப் படித்துப் போற்றினார்.

உபநிஷதங்கள் ஐரோப்பாவுக்குச் செல்ல வழி திறந்தவர், குர்ஆனை ஓதி வளர்ந்த ஓர் இளவரசர்!