காசில் தோன்றும் குறைகள்

காசு நாள்தோறும் நம் கையிற் புழங்கினும், அதனை ஊன்றி நோக்குவார் சிலரே. எழுத்துச் சிதைந்தோ, உருவம் ஒருபால் ஒதுங்கியோ ஒரு காசு வருமாயின், கள்ளக்காசென அதனைத் தள்ளுவாரும் உளர். கிடைத்தற்கரிய பொருளென நம்பிப் பெருவிலை கொடுப்பாரும் உளர். இவ்விரு திறத்தாரும் ஏமாறாதிருக்க வழி ஒன்றே. காசு பிறக்கும் முறையை அறியின், அதன் குறை பிறந்த இடமும் விளங்கும்.

நம் காரைக்கால் 1739இல் பிரஞ்சுக்காரர் வசமாயிற்று. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னரே புதுச்சேரி ஆளுநர் துய்மா, ஆர்க்காட்டு ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றிருந்தார். பிறைக்குறி பொறித்த அவ்வெள்ளி ரூபாயோடு சிறு செப்புக்காசுகளும் வழங்கின. துட்டு என்னும் நம் சொல்லையே அவர்கள் 'தூதூ' என்றனர். அச்செப்புக்காசுகளிற் சிலவற்றில் காரைக்கால் என்னும் ஊர்ப்பெயர் தமிழெழுத்திலேயே பொறிக்கப்பெற்றுள்ளது.

அக்காலத்துக் கம்பட்டத்தில் கைச்சம்மட்டியே கருவி. உலோகத்தை உருக்கித் தட்டி வில்லைகளாக்கி, காய்ச்சி இளக்குவர். அடியச்சைப் பட்டடையில் நிறுத்தி, வில்லையை அதன்மீது வைத்து, மேலச்சைக் கையாற் பிடித்து ஓங்கி அடிப்பர். ரூபாயின் அச்சு வில்லையினும் அகன்றதாதலின், வாசகம் முழுதும் அதிற் பதியாமை குறையன்று, இயல்பேயாம். மேலச்சு நழுவின் உருவம் ஒதுங்கும். ஊர்ப்பெயரிற் பாதியே தங்கும். மறு அடியின்போது வில்லை அசையின் எழுத்து இரட்டித்துத் தோன்றும். நன்கு இளக்காத வில்லை விளிம்பில் வெடிக்கும். அடித்த காசு மேலச்சிலேயே ஒட்டிநிற்க, அதனை அறியாது அடுத்த வில்லையை வைத்து அடித்தால் விந்தையான பிழை நேரும்: ஒட்டிய காசின் உருவமே புதிய வில்லையின் மேற்புறத்திற் குழிந்து, கண்ணாடியிற் காண்பதுபோல் இடவலம் மாறிப் பதியும்.

இன்று மும்பை, கொல்கத்தா, ஐதராபாத்து, நொய்டா ஆகிய நான்கிடங்களிலுள்ள நாணயச்சாலைகளில் இயந்திரமே காசடிக்கின்றது. ஆயினும் குறை முற்றும் ஒழிந்திலது. அதன் வகையே மாறிற்று. உலோகத் தகடு போதிய அளவு நகராவிடின், வெட்டும் கருவி முன்வெட்டிய துளையின்மீதே மீண்டும் பாயும். வில்லை பிறைவடிவிற் குறைபடும். வில்லையைச் சுற்றி அணைக்கும் வளையம் மேலெழாவிடின், உலோகம் பரந்து காசு அகன்றுவிடும். அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப்பசையும் அழுக்கும் அடைந்தால் எழுத்து மறையும்.

இனி, நாணயச்சாலைக் குறையையும் பின்னர் நேர்ந்த சேதத்தையும் பிரித்தறிவது எங்ஙனம்? அச்சிலே விரிசல் விழுந்தால் உலோகம் அவ்விரிசலினுட் புகும். ஆதலின் காசில் அது மேடான கோடாகத் தோன்றும். காசின்மேற் பின்னர் விழுந்த கீறலோ பள்ளமாகவே இருக்கும். வெட்டுப்பட்ட வில்லைக்கு விளிம்பு திரட்டுங்கால், வெட்டுக்கு நேரெதிர்ப்புறத்தில் அழுத்தம் குன்றும். அதனால் அவ்விடத்து விளிம்பு மெலிந்திருத்தல் பெரும்பான்மை. அரத்தால் அராவிய காசில் அம்மெலிவு இராது. இருபுறமும் ஒரே உருவமுடையதெனக் காட்டப்படும் காசு, பெரும்பாலும் இரு காசுகளைக் கடைந்து பொருத்தியதேயாம். விளிம்பை உற்றுநோக்கின் பொருத்துவாய் புலப்படும். எடையும் உண்மையைக் காட்டிவிடும்.

ஆதலின் அன்பர்களே, கோணலான காசைக் கொணர்ந்த ஏழையைக் கள்ளனென ஐயுறுமுன் அதன் குறையை ஆராய்மின். பழந்துட்டு ஒன்று கிடைப்பின், செப்புக்குடம் துலக்குவதுபோல் புளியிட்டுத் தேய்த்தல் வேண்டா. அக்களிம்போடு சேர்த்து நாம் தேய்த்தழிப்பது, பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கை ஒருநாள் நழுவியதற்கு எஞ்சியுள்ள ஒரே சான்றாகவும் இருக்கலாம்.