வாசிப்புக் குறிப்பேடும் இளமைக்கால நாயகரும்: கட்டுரை வகுப்பில் ஒரு பயிற்சிமுறை

முன்னுரை

பல்கலைக்கழகத்திற்கு வரும் தமிழ் மாணவர் கட்டுரை எழுத அறியாதவர் அல்லர். முன்னுரை, மூன்று கருத்துகள், பழமொழி ஒன்று, முடிவுரை என்னும் அமைப்பு அவர்களுக்குப் பள்ளியிலேயே கைவந்துவிடுகின்றது. எனினும், ‘இளமையில் என்னைக் கவர்ந்த நாயகர்’ எனத் தலைப்புக் கொடுத்தால், வீரம், ஈகை, விடாமுயற்சி ஆகிய சொற்களே அனைத்துக் கட்டுரைகளிலும் வரிசையாக வந்து நிற்கின்றன. கர்ணனின் பெயரை நீக்கிவிட்டு விக்கிரமாதித்தனின் பெயரை இட்டாலும் கட்டுரை பெரிதும் மாறுவதில்லை. இக்குறையைக் களைய வாசிப்புக் குறிப்பேடு எவ்வாறு துணைபுரிகின்றது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. குறிப்பேட்டின் அடிப்படை

இலக்கியப் பொருள் பனுவலில் மட்டும் உறைவதன்று; வாசகரிடத்து மட்டும் தோன்றுவதுமன்று; இரண்டும் கூடும் நிகழ்வில் பிறப்பது என்பது லூயிஸ் ரோசன்பிளாட்டின் கொள்கை. 1938இல் அவர் முன்வைத்த இக்கருத்து 1978இல் வெளிவந்த அவரது மற்றொரு நூலில் விரிவு பெற்றது. பள்ளி மாணவரின் எழுத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் பிரிட்டன் குழுவினர், தன்னுணர்வை இயல்பாக வெளியிடும் எழுத்தே பிற எழுத்து வகைகளுக்கெல்லாம் விளைநிலம் என 1975இல் எடுத்துரைத்தனர்.

இவ்விரு கருத்துகளையும் வகுப்பறைக்குக் கொணரும் எளிய கருவி, ஆன் பெர்த்தோஃப் பரவலாக்கிய இரட்டைப் பதிவுக் குறிப்பேடாகும். இடப்பக்கத்தில் பனுவல் கூறுவதைப் பக்க எண்ணுடன் குறிக்க வேண்டும். வலப்பக்கத்தில் அதற்குத் தம் மறுமொழியை எழுத வேண்டும். பின்னர், தாம் எழுதியதையே மீண்டும் வாசித்து அதன்மேல் கேள்வி எழுப்ப வேண்டும். 14 வாரப் பருவத்தில் வாரம் இரண்டு பதிவுகள் என நாம் வரையறுத்துள்ளோம்.

2. நாயகரை மீண்டும் வாசித்தல்

இளமைக்கால நாயகரைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் உண்டு. நினைவில் உள்ள நாயகர் வேறு, பனுவலில் உள்ள நாயகர் வேறு. அவ்விடைவெளியை மாணவர் தாமே கண்டறியும்போது, பிறர் கொடுத்த தலைப்பு அவருடைய சொந்தக் கேள்வியாக மாறுகின்றது.

நம் மாணவி ஒருவர் கர்ணனைத் தேர்ந்தெடுத்தார். 1964இல் வெளிவந்த ‘கர்ணன்’ திரைப்படத்தைச் சிறுவயதில் தந்தையோடு பலமுறை பார்த்தவர் அவர். வாசிப்புக்குப் பாரதியாரின் ‘பாஞ்சாலி சபத’த்தை எடுத்துக்கொண்டார். அவையில் விகர்ணன் நீதி பேசுகின்றான். கர்ணனோ அவனைக் கடிந்து அடக்கி, பாண்டவரின் மேலாடையையும் பாஞ்சாலியின் சேலையையும் களையப் பணிக்கின்றான். இடப்பக்கத்தில் இவ்வளவையும் குறித்த மாணவி, வலப்பக்கத்தில் ‘இவர் என் கர்ணன் இல்லை’ என்று மட்டும் எழுதியிருந்தார். அடுத்த வாரப் பதிவில், கர்ணனைக் குறைகூறினால் தம் தந்தையைக் குறைகூறியதுபோல் ஆகிவிடுமோ என அஞ்சுவதாகக் குறித்திருந்தார். ஐந்தாம் வாரத்தில் அவ்வச்சம் ஒரு வினாவாகியிருந்தது: செஞ்சோற்றுக் கடன் தீர்ப்பவன் தன் அறத்தையும் சேர்த்தே கொடுத்துவிட வேண்டுமா? இறுதிக் கட்டுரை அவ்வினாவிலிருந்தே பிறந்தது. அதில் கர்ணன் மீதான அன்பு குறையவில்லை, ஆயினும், அடைமொழிகள் குறைந்திருந்தன, சான்றுகள் மிகுந்திருந்தன.

3. மலாய் இலக்கியம் தரும் ஒப்புமை

இத்தகைய மறுவாசிப்பு நம் நாட்டு அறிவுலகிற்குப் புதியதன்று. சுல்தானின் ஆணைக்கு முற்றிலும் பணிந்த ஹங் துவாவே மலாய்ச் சிறுவரின் நாயகனாகப் போற்றப்பட்டு வந்தான். நண்பன் அநியாயமாகக் கொல்லப்பட்டான் எனக் கருதிக் கிளர்ந்தெழுந்த ஹங் ஜெபாட் துரோகியாகவே எண்ணப்பட்டான். மலாயாப் பல்கலைக்கழக மாணவராயிருந்த காசிம் அகமட், ‘ஹிகாயாட் ஹங் துவா’வின் பாத்திரப் படைப்பை ஆராய்ந்து, 1959இல் தம் இளங்கலைப் பட்ட ஆய்வேட்டில் இம்மதிப்பீட்டைக் கேள்விக்குள்ளாக்கினார். அவ்வாய்வேடு 1964இல் நூலாகி, நெடிய விவாதத்திற்கு வித்திட்டது. இளமையில் கேட்ட கதையைப் பனுவலோடு ஒப்பிட்டு எழுதப்பட்ட இளங்கலை மாணவர் ஒருவரின் ஆய்வேடு ஒரு சமுதாயத்தின் வாசிப்பையே அசைக்க வல்லது என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதில்லை.

4. ஆசிரியரின் பங்கு

இம்முறையைத் தொடங்கிய முதற்பருவத்தில் நாம் செய்த பிழையையும் இங்குச் சுட்டுதல் தகும். குறிப்பேடுகளில் இருந்த சந்திப்பிழைகளையும் ஒற்றுப்பிழைகளையும் சிவப்பு மையால் திருத்தி, புள்ளிகளும் வழங்கினோம். மூன்றாம் வாரத்திலேயே வலப்பக்கங்கள் வறண்டன. மாணவர் நமக்குப் பிடித்ததை எழுதத் தொடங்கினர். வீரமும் ஈகையும் விடாமுயற்சியும் திரும்ப வந்தன. அதன்பின் முறையை மாற்றினோம். குறிப்பேட்டுக்கு முறையாக எழுதி வருவதற்கு மட்டுமே புள்ளி. ஆசிரியர் ஓரத்தில் எழுதுவது ஒரு கேள்வி மட்டுமே. மொழித்திருத்தம் இறுதிக் கட்டுரையின் வரைவுக்கு உரியது. இலக்கணத்தைப் புறக்கணிப்பது நம் கருத்தன்று. சிந்தனை உருப்பெறும் இடம் வேறு, அது பிறர்முன் வைக்கப்படும் இடம் வேறு என்பதே கருத்து.

முடிவுரை

சொந்தப் போற்றுதலையே சான்றோடு சோதித்துப் பார்க்கப் பழகிய மாணவர், பிறர் கூற்றுகளையும் அவ்வாறே சோதிப்பர். நம் மாணவருள் பலர் நாளை தமிழ்ப்பள்ளிகளில் கட்டுரை கற்பிக்க இருப்பவர்கள். அவர்கள் தம் வகுப்பில் ‘என் நாயகர்’ எனத் தலைப்புக் கொடுக்கும்போது, அடைமொழிப் பட்டியலைக் கேட்கப் போகின்றார்களா, அல்லது ஒரு கேள்வியைக் கேட்கப் போகின்றார்களா என்பது பெரிதும் இப்பயிற்சியைப் பொறுத்ததாகும்.