கருங்கல் தூளும் ஆலை ஓசையும்

பெங்களூர் லால்பாக் தோட்டத்திலுள்ள பாறைக் குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் வயதுடையது. நகரைச் சூழ்ந்துள்ள ஊர்களின் அடியிலும் இவ்வினத்தைச் சேர்ந்த பாறைகளே பெரிதும் பரவியுள்ளன. 1956-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற விதான சௌதாவிற்கு இவ்வட்டாரக் கருங்கல் பயன்பட்டது. இன்றோ, வெட்டப்படும் கல்லில் பெரும்பகுதி ஜல்லியாகவும், ஆற்று மணலுக்குப் பதிலான எம் சாண்டாகவும் அரைக்கப்படுகின்றது. கல்லைப் பிளப்பதைவிட அரைப்பதிலேயே தூள் மிகுதி.

கிரஷர் ஆலைகளுக்கு அருகே மர இலைகள் வெளுத்திருப்பதை யாவரும் காணலாம். ஆயினும், கண்ணுக்குத் தெரியும் இத்தூள் அவ்வளவு தீங்குடையதன்று. மூக்கிலும் தொண்டையிலுமே அது தங்கிவிடும். தீங்கு விளைவிப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்தூளே. துகளின் விட்டம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால், அது காற்றில் இறங்கும் வேகம் நூற்றில் ஒரு பங்காகிவிடும். 10 மைக்ரான் அளவுள்ள கல்துகள் அசைவற்ற காற்றில் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். 1 மைக்ரான் துகளுக்கு மூன்று மணி நேரத்திற்கு மேல் தேவைப்படும். அதற்குள் அது அடுத்த ஊரையே அடைந்துவிடக்கூடும். ஏறத்தாழ 5 மைக்ரானுக்குக் குறைந்தவை நுரையீரலின் காற்றறைகள் வரை செல்கின்றன.

கருங்கல்லில் கால் பங்கு அளவிற்குக் குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா, உண்டு. அது நுரையீரலில் தழும்பை உண்டாக்குகின்றது. இதுவே சிலிக்கோசிஸ். இதனைக் குணமாக்கும் மருந்து இல்லை. காசநோயும் எளிதிற் பற்றும். பெங்களூருக்குக் கிழக்கேயுள்ள கோலார் தங்கவயலில் 1940-களில் 7,000-க்கு மேற்பட்ட சுரங்கத் தொழிலாளிகள் பரிசோதிக்கப்பட்டபோது, நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. அவர்களிற் பலர் தமிழர். அச்சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அரைத்த பாறையின் கழிவுமேடுகள் இன்றும் அங்கே நிற்கின்றன. கிரஷரில் வேலை செய்வோர் திறந்த வெளியில் நிற்பதால் ஆபத்தில்லை என்று கருதுவது தவறு. துளையிடும்போதே நீர் பாய்ச்சுவதும், அரைக்குமிடத்தை மூடுவதும் முகத்தில் துணி கட்டுவதைவிடப் பன்மடங்கு பயனுள்ளவை. துணி நுண்தூளைத் தடுக்காது.

ஓசையின் கணக்கு வேறு. தடையற்ற வெளியில், தொலைவு இரட்டிக்குந்தோறும் ஓசை 6 டெசிபல் குறையும். 10 மீட்டரில் 90 டெசிபலாக உள்ள ஓர் இயந்திரம் 640 மீட்டரில் 54 ஆகும். குடியிருப்புப் பகுதிக்கு 2000-ஆம் ஆண்டு விதிகள் வகுத்த எல்லை பகலில் 55, இரவில் 45. ஆகவே பகலில் பொறுக்கக்கூடிய அதே ஆலை இரவில் எல்லையை மீறுகின்றது. மேலும், குளிர்கால இரவுகளில் தரையை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருக்கும். அப்போது ஓசை கீழ்நோக்கி வளைந்து நெடுந்தொலைவு கேட்கும். நுண்தூளும் மேலே கலைந்து செல்லாமல் தேங்கிவிடும்.

பள்ளி மாணவர்கள், வாசலின் பூசிய கண்ணாடித் தகட்டை ஒரு நாள் கூரைமேல் வைத்துத் தூள் படிவதை ஒப்பிடலாம். தகட்டில் விழுவது பருந்தூளே என்பதை ஆசிரியர் கூறிவிடவேண்டும். 10 மைக்ரானுக்குட்பட்ட தூளுக்கு ஒரு நாள் சராசரி எல்லை, கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம். அதனை அளக்கக் கருவி வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதும்போது நாள், மணி, காற்று வீசிய திசை ஆகிய மூன்றையும் குறித்தனுப்பினால், எந்த நேரத்தில் எவ்விடத்தில் கருவியை வைப்பது என்பது அதிகாரிகளுக்கு விளங்கும்.