பச்சை வாந்தியா? உடனே புறப்படுங்கள்!

குடல் ஒரு நீண்ட குழாய். பால் இதன் வழியாகத்தான் இறங்குகிறது. கழிவு மலமாக வெளியேறுகிறது.

சில குழந்தைகளுக்குப் பிறக்கும்போதே குடல் அடைபட்டிருக்கும். சிலருக்குக் குடலின் ஒரு பகுதி வளராமல் இருக்கும். சிலருக்குக் குடல் முறுக்கிக்கொள்ளும். சிலருக்கு ஆசனவாயே இருக்காது. வேறு சிலருக்குக் குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இருக்காது. அதனால் மலம் தள்ளப்படாது.

தாய் தின்ற உணவு இதற்குக் காரணம் அல்ல. கிரகணமும் அல்ல. தாயைக் குறை சொல்லக் கூடாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

வாய்க்காலில் மண் அடைத்தால் தண்ணீர் பின்னால் தேங்கும். குடலிலும் அப்படித்தான். பச்சை நிறப் பித்தநீர் கீழே போக முடியாமல் வாந்தியாக வரும். வயிறு உப்பும். பிறந்து 24 மணி நேரம் ஆகியும் முதல் மலம் போகாமல் இருக்கலாம். முதல் மலம் தார் போல் கருமையாக இருக்கும்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. குடல் முறுக்கியிருந்தால் சில மணி நேரத்தில் அழுகிவிடும்.

மலம் போகட்டும் என்று சிலர் விளக்கெண்ணெய் புகட்டுகிறார்கள். அது ஆபத்து. அடைப்பைத் தாண்டி எண்ணெய் இறங்காது. வாந்தியாகி நுரையீரலுக்குள் போகலாம்.

எங்கே போவது?

108-ஐக் கூப்பிடுங்கள். திருப்பதியில் ருயா அரசு பொது மருத்துவமனை இருக்கிறது. சித்தூருக்குப் பக்கத்தில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. 2011-இல் மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியது. அதன்படி பச்சிளங் குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சையும் மருந்தும் இலவசம்.

போகும் வழியில் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்துத் துணியால் மூட வேண்டும். சூடு குறையக் கூடாது. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும்.

மருத்துவர் என்ன செய்வார்?

மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு வயிற்றில் தேங்கியதை வெளியேற்றுவார். ரத்தக் குழாய் வழியாக குளுக்கோஸ், உப்பு நீர் ஏற்றுவார். எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார். பிறகு மயக்க மருந்து கொடுத்து அறுவை சிகிச்சை செய்வார். அடைபட்ட பகுதியை வெட்டி நீக்கி, நல்ல பகுதிகளைத் தைத்து இணைப்பார். முறுக்கு இருந்தால் பிரித்துவிடுவார்.

சில குழந்தைகளுக்கு மலம் போக வயிற்றில் தற்காலிகமாக ஒரு வழி வைப்பார்கள். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சில மாதங்கள் கழித்து அதை மூடிவிடுவார்கள்.

குடல் வேலை செய்யத் தொடங்கியதும் தாய்ப்பால் கொடுக்கலாம். அதுவரை தாய் பாலைப் பீய்ச்சி வர வேண்டும். அப்போதுதான் பால் வற்றாது.

நேரத்தோடு கொண்டுபோனால் பெரும்பாலான குழந்தைகள் பிழைத்துக்கொள்ளும். மற்றக் குழந்தைகளைப் போல வளரும். ஒரு நாள் தாமதமும் உயிரைப் பறிக்கலாம்.