நேர் இறக்கைப் புயல்

1949 பிப்ரவரி 28 அன்று, பாரிஸுக்குத் தென்கிழக்கே உள்ள மெலன்-வில்லரோஷ் தளத்திலிருந்து சோதனை விமானி கோன்ஸ்தான்தின் ரோசனாஃப் ஒரு புதிய ஜெட் விமானத்தை மேலே ஏற்றினார். அதில் ஆயுதம் எதுவும் பொருத்தப்படவில்லை. ஒழுங்காகப் பறக்கிறதா என்று பார்ப்பதற்கான மாதிரிதான் அது. பெயர் எம்.டி.450 உரகான், அதாவது புயல். பிரெஞ்சுக்காரர்களே வடிவமைத்து, நூற்றுக்கணக்கில் தயாரித்து, தங்கள் விமானப்படையில் சேர்த்த முதல் ஜெட் போர் விமானம் இதுதான்.

நான்கு ஆண்டுகள் ஜெர்மானியர் பிடியில் கிடந்த பிரான்ஸ், ஜெட் தொழில்நுட்பத்தில் எல்லாருக்கும் பின்னால் நின்றது. 1946 நவம்பரில் ட்ரைட்டன் என்ற சோதனை விமானம் பறந்தது. அடுத்து எஸ்படான் வந்தது. அரசு நிறுவனங்கள் இன்னும் பல வடிவங்களை வரைந்தன. ஆனால் இவற்றில் எதுவும் படைக்குப் போய்ச் சேரவில்லை.

சேர்த்துக்காட்டியவர் மார்செல் டசால்ட். பிறந்தபோது அவர் பெயர் மார்செல் புளோக், யூதர். முதல் உலகப்போரிலேயே விமானச் சுழலிகள் செய்து பெயர் வாங்கியவர். இரண்டாம் போரில் ஜெர்மானியருக்காக விமானம் கட்ட மறுத்தார். 1944இல் அவரைப் புக்கன்வால்டு வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். உயிரோடு திரும்பிய அவர், எதிர்ப்பு இயக்கத்தில் தன் அண்ணன் வைத்துக்கொண்டிருந்த மறைபெயரை ஒட்டித் தன் குடும்பப்பெயரை மாற்றிக்கொண்டார். முகாமில் உடல் நொறுங்கிப்போன மனிதர் சில ஆண்டுகளுக்குள் ஒரு போர் விமானத்தை உருவாக்கினார் என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

அவருடைய வழி எளிமையானது: நம்மிடம் இல்லாததை நாமே கண்டுபிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். பிரிட்டனின் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் நீன் என்ஜினை ஹிஸ்பானோ-சூயிஸா நிறுவனம் உரிமம் பெற்றுப் பிரான்ஸிலேயே தயாரித்து வந்தது. அந்த என்ஜினைச் சுற்றியே அவர் விமானத்தை வடிவமைத்தார்.

நீன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் உரகானின் பருத்த உடம்புக்குக் காரணம் விளங்கும். மூக்கிலுள்ள வட்டத் திறப்பு வழியாக நுழையும் காற்று இரண்டாகப் பிரிந்து, விமானியின் இருபுறமும் கடந்து பின்னால் போகிறது. அங்கே இரண்டு பக்கமும் தகடுகள் கொண்ட ஒரு பெரிய சக்கரம் அசுர வேகத்தில் சுழல்கிறது. மிக்ஸி ஜாரில் மாவு விளிம்பை நோக்கி வீசப்படுவதுபோல, சக்கரம் காற்றை வெளிப்பக்கமாக வீசி அழுத்துகிறது. அழுத்தப்பட்ட காற்று சுற்றிலுமுள்ள ஒன்பது எரிகலன்களுக்குள் போய், எரிபொருளோடு சேர்ந்து எரிந்து, டர்பைனைச் சுழற்றிவிட்டு வால்பக்கமாகப் பீய்ச்சியடிக்கிறது. காற்றை விளிம்புக்கு வீச அகலமான சக்கரம் வேண்டும். அதைச் சுற்றி எரிகலன்களும் வேண்டும். ஆகவே உடலும் பருத்தாக வேண்டும். இதே நீன் என்ஜினை பிரிட்டன் 1946இல் சோவியத் யூனியனுக்கும் விற்றது. சோவியத் போர் விமானமான மிக்-15க்குள் இருந்தது அதன் வாரிசுதான்.

என்ஜின் ஒரே குடும்பம் என்றாலும் இறக்கை வேறு. மிக்-15இன் இறக்கைகள் பின்னோக்கி நன்றாகச் சாய்ந்தவை. ஒலியின் வேகத்தை நெருங்கும்போது இறக்கைமீது ஓடும் காற்று திடீரென முரண்டு பிடிக்கும். சாய்ந்த இறக்கை அந்தத் தொல்லையைத் தள்ளிப்போடும். உரகானுக்கோ கிட்டத்தட்ட நேரான இறக்கை, அதன் இரு நுனிகளிலும் எரிபொருள் தொட்டி. உச்ச வேகம் மணிக்குச் சுமார் 940 கி.மீ. மிக்-15 அதைவிட 100 கி.மீ.க்கு மேல் கூடுதலாகப் போகும்.

1952இல் உரகான் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தது. ஓட்டுவதற்கு இதமானது என்று விமானிகள் விரும்பினார்கள்; இறுக்கமாகத் திருப்பினால் மட்டும் சுழன்று விழப்பார்க்கும். சில ஆண்டுகளிலேயே, சாய்ந்த இறக்கை கொண்ட மிஸ்டேர் அதன் இடத்துக்கு வந்துவிட்டது.

டசால்டின் ஜெட் விமானத்தை வாங்கிய முதல் வெளிநாடு இந்தியா. 1953இல் 71 விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. பின்னர் வாங்கியவற்றோடு எண்ணிக்கை நூறைத் தாண்டியது. அதுவரை பிரிட்டிஷ் போர் விமானங்களையே நம்பியிருந்த நம் விமானப்படைக்கு இது பெரிய திருப்பம். இங்கே அதற்குத் தூஃபானி என்று பெயர். 1961 டிசம்பரில் போர்ச்சுகீசியர் வசமிருந்த டையூவின் விமானதளத்தைத் தூஃபானிகள் தாக்கின. அந்தப் பணியைப் பற்றிப் பேச யாரும் தயங்குவதில்லை. 1966 மார்ச் 5 அப்படியல்ல. மிசோ தேசிய முன்னணியின் கிளர்ச்சியை ஒடுக்க, ஐசால் நகரத்தின்மீது தூஃபானிகளும் ஹன்டர் போர் விமானங்களும் ஏவப்பட்டன. வீடுகள் எரிந்தன, மக்கள் காடுகளுக்குள் ஓடினார்கள். மிசோரமில் அந்த நாள் இன்றும் நினைவுகூரப்படுகிறது. தூஃபானியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போகக்கூடாது.

இஸ்ரேலும் 1955 முதல் உரகான்களை வாங்கியது. 1956 அக்டோபர் 31 அன்று, இஸ்ரேலின் ஹைஃபா நகரைச் சுட்ட எகிப்திய நாசகாரிக் கப்பல் இப்ராஹிம் எல் அவாலை இரண்டு உரகான்கள் ராக்கெட்டுகளால் தாக்கின. இஸ்ரேலியப் போர்க்கப்பல்களும் துரத்திவர, அது சரணடைந்தது. வானில் மிக்-15ஐ எதிர்க்கும் வேகம் உரகானுக்கு இல்லை. ஆனால் மூக்கின் அடியில் நான்கு 20 மி.மீ. பீரங்கிகள், அடி தாங்கும் உறுதியான கட்டமைப்பு, சிக்கலில்லாத இயந்திரம் ஆகியவை தரைத்தாக்குதலுக்குப் போதுமானவையாக இருந்தன. பிறந்த நாட்டில் சில ஆண்டுகளே நிலைத்த விமானம் வெளியே இத்தனை காலம் நீடித்ததற்கு இதுதான் காரணம் என்பேன்.

1970களில் இஸ்ரேல் 18 உரகான்களை எல் சால்வடாருக்கு விற்றது. அங்கே உள்நாட்டுப் போர் மூண்டபோது அவை கெரில்லாக்கள்மீது குண்டு வீசின. 1982 ஜனவரியில் இலோபாங்கோ விமானதளத்துக்குள் புகுந்த கெரில்லாக்கள், நிறுத்தியிருந்த உரகான்களில் பலவற்றை வெடிவைத்துத் தகர்த்தார்கள். தப்பியவை அதன் பிறகும் சில ஆண்டுகள் பறந்துகொண்டிருந்தன.