ஆயா பார்க்காத கிரகணம் 2034-ல் திரும்ப வருது!

2016 மார்ச் 9, புதன்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, நொச்சிக்குப்பம் மணலில் ஏழெட்டுப் பேர் கிரகணக் கண்ணாடியோடு கிழக்கைப் பார்த்து நின்றிருந்தோம். அன்று சென்னையில் சூரியன் எழும்போதே கிரகணத்தோடுதான் எழுந்தது. கடலுக்கு மேலே வந்த செம்மஞ்சள் வட்டத்தின் ஓரத்தில் ஒரு சின்னக் கடி. ஏழு மணிக்கு முன்பே எல்லாம் முடிந்துவிடும் என்பதால், கண்ணாடியை ஆளாளுக்குக் கைமாற்றிக்கொண்டிருந்தோம்.

பக்கத்தில் கூடையிலிருந்த மீனைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஆயா, "இன்னாப்பா அதிசயம் அங்க?" என்றார். கண்ணாடியை நீட்டினேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார்.

"எலி கடிச்ச அப்பளம் மாதிரி கீது!"

பார்த்து முடித்ததும் அவராகவே பழைய கதை ஒன்றைச் சொன்னார். "எம்.ஜி.ஆர். ஆட்சியக் கலைச்சாங்களே, அதுக்கு மொத நாளு இதே மாதிரி வந்துச்சு. பெரியவன் வயித்துல இருந்தான். என்னை உள்ள தள்ளிக் கதவச் சாத்திட்டாங்க. தண்ணி குடிக்கக்கூட விடல. வெளிய என்னா நடந்துச்சுன்னே தெரியாது."

அப்புறம் கேட்டார்: "இத்த எப்படிப்பா முன்னாடியே கண்டுபிடிக்கிறாங்க? அந்தப் பெரிய கிரகணம் திரும்ப எப்ப வரும்?"

"பார்த்துச் சொல்றேன் ஆயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து தேடியபோதுதான் ஒரு விஷயம் தெரிந்தது. எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது 1980 பிப்ரவரி 17. அதற்கு முந்தைய நாள், பிப்ரவரி 16-ல் வந்த முழு சூரிய கிரகணமும், அன்று காலை அப்பளம்போலக் கடிபட்டுக் கிடந்த கிரகணமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை! கதவுக்குப் பின்னாலிருந்து ஆயா தவறவிட்ட விருந்தாளியின் உடன்பிறப்புதான், 36 வருடம் கழித்து அவர் கூடைக்கு எதிரே வந்து நின்றிருக்கிறது.

கிரகணத்துக்குக் குடும்பமா என்று கேட்காதீர்கள். உண்டு.

சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே நிலா வந்து மறைத்தால் சூரிய கிரகணம். அது அமாவாசையன்று மட்டும்தான் நடக்கும். அப்படியானால் மாதாமாதம் அமாவாசைக்கு ஏன் கிரகணம் வருவதில்லை? நிலாவின் பாதை, சூரியன் போவதாக நமக்குத் தெரியும் பாதையிலிருந்து சுமார் 5 டிகிரி சாய்ந்திருக்கிறது. பெரும்பாலான அமாவாசைகளில் நிலா சூரியனுக்குக் கொஞ்சம் மேலேயோ கீழேயோ நழுவிப் போய்விடும். இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இடங்கள் இரண்டே இரண்டு. அமாவாசை அந்த இடங்களில் ஒன்றின் அருகே நேர்ந்தால்தான் கிரகணம்.

அந்த இரண்டு வெட்டுப்புள்ளிகளுக்கும் நம் முன்னோர் பெயர் வைத்திருக்கிறார்கள். ராகு, கேது. ராகு-கேது பெயர்ச்சிப் பலனை ஒன்றரை வருடத்துக்கு ஒருமுறை ஆவலாகப் படிக்கிறோமே, அதன் பின்னால் இருப்பது இந்தப் புள்ளிகளின் நகர்வுதான். பன்னிரண்டு ராசியையும் பின்னோக்கிச் சுற்றிவர அவற்றுக்கு 18.6 வருடம் ஆகிறது. பலன் பலிக்கிறதோ இல்லையோ, புள்ளிகள் நகர்வது நிஜம். கிரகண நேரத்தில் கோயில்கள் நடை சாத்த, ராகு-கேது தலமான காளஹஸ்தி திறந்தே இருப்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இனி குடும்பக் கணக்குக்கு வருவோம். மந்தைவெளி பஸ் நிலையத்தில் மூன்று பஸ்கள் மூன்று வெவ்வேறு நேர இடைவெளியில் வந்து போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் ஒரே நேரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பது எப்போதாவதுதான் நடக்கும். நிலாவுக்கும் அப்படி மூன்று கணக்கு. அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு 29.53 நாள். ராகுவிலிருந்து கிளம்பி மறுபடி ராகுவுக்கு வர 27.21 நாள். பூமிக்கு மிக அருகில் வரும் இடத்திலிருந்து மறுபடி அதே இடத்துக்கு வர 27.55 நாள். முதல் கணக்கில் 223 சுற்று, இரண்டாவதில் 242, மூன்றாவதில் 239. பெருக்கிப் பாருங்கள், மூன்றும் ஏறக்குறைய 6,585 நாளில் வந்து நிற்கும்! அதாவது 18 வருடம், 11 நாள், 8 மணி நேரம்.

ஆக, இன்று ஒரு கிரகணம் நடந்தால், 18 வருடம் 11 நாள் கழித்து அதேபோல இன்னொன்று அநேகமாக உண்டு. இதை பாபிலோனியர்கள் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே களிமண் பலகைகளில் கணக்குப் பார்த்து வைத்திருந்தார்கள். 'சாரோஸ்' என்ற பெயரை அதற்குச் சூட்டியவர் எட்மண்ட் ஹாலி, அதாவது வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலி. பழைய குறிப்பைத் தவறாகப் புரிந்துகொண்டு அவர் வைத்த பெயர் அது என்கிறார்கள். தவறாக வைத்தாலும் ஒட்டிக்கொண்டது.

அந்த 8 மணி நேரம்தான் விளையாட்டுக் காட்டுகிறது. அதற்குள் பூமி மூன்றில் ஒரு பங்கு சுழன்றுவிடும். அதனால் அடுத்த கிரகணம் நம் ஊரில் விழாமல், உலகின் வேறொரு பக்கத்தில் விழும். மூன்றாவது முறை வரும்போது எட்டும் எட்டும் எட்டும் சேர்ந்து 24 மணி நேரமாகி, நிழல் மறுபடி நம் பக்கம் திரும்பும். மூன்று பதினெட்டு, 54 வருடம். கூடவே ஒரு மாதமும் சில நாளும்.

இப்போது ஆயாவின் கிரகணத்தைப் பாருங்கள். 1980-ல் இந்தியா. 1998-ல் கரீபியன் பக்கம். 2016-ல் இந்தோனேசியாவில் முழுதாகவும், அதன் ஓரம் மட்டும் சென்னை விடியலிலும். அடுத்தது 2034 மார்ச் 20, திங்கட்கிழமை. முழு நிழல் நைஜீரியா, சாத், எகிப்து, சவூதி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக மறுபடி இந்தியாவுக்குள் நுழைகிறது.

பின்னோக்கிப் போனால் இன்னும் சுவாரஸ்யம். 1980-லிருந்து 54 வருடம் முன்னால், 1926 ஜனவரி 14. அன்று முழு நிழல் இந்தியப் பெருங்கடலைக் கடந்து சுமத்ராவுக்குப் போனது. அதற்கும் 54 வருடம் முன்னால், 1871 டிசம்பர் 12. அன்று அது வந்த இடம் நம் தமிழ்நாடு!

1871-ல் நிழல் கேரளக் கரையின் பேக்கலில் ஏறி, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணம் பக்கம் போனது. நுங்கம்பாக்கத்தில் இயங்கிய மெட்ராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன் அவிநாசியில் முகாம் போட்டார். அவருடைய உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரியும் அந்த ஆய்வகத்தில் பேர் வாங்கிய வானியலாளர். பின்னால், 1874-ல் வந்த வெள்ளி இடைநகர்வைப் பற்றித் தமிழ் உட்படப் பல மொழிகளில் மக்களுக்கு விளக்கம் எழுதினார். பிரான்ஸிலிருந்து பியர் ஜான்சென் வந்து ஊட்டி அருகே சோலூரில் தொலைநோக்கியை நிறுத்தினார். இந்த ஜான்சென் லேசுப்பட்டவர் அல்ல. முந்தைய வருடக் கிரகணத்துக்காக, எதிரிப்படை சூழ்ந்திருந்த பாரிஸிலிருந்து பலூனில் ஏறித் தப்பி அல்ஜீரியா போனவர். அங்கே மேகம் மறைத்துவிட்டது. சோலூரில் மேகம் கருணை காட்டியது. சூரியனைச் சுற்றியுள்ள வெண்ணிற ஒளிவட்டமான கரோனாவை அங்கேதான் அவர் நன்றாக அலசினார்.

இந்தக் குடும்பத்துக்கு வானியலாளர்கள் தந்திருக்கும் எண் 130. மொத்தம் 73 கிரகணங்கள். முதலாவது 1096-ல், முதலாம் குலோத்துங்கச் சோழன் ஆண்ட காலத்தில். கடைசி 2394-ல். தென்துருவத்தின் பக்கம் பிறந்து, மெல்ல மெல்ல வடக்கே நகர்ந்து, வடதுருவத்தின் பக்கம் முடிந்துபோகும். 2034-ல் வருவது 53-வது. இப்படிச் சுமார் 40 குடும்பங்கள் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நம் ஊர்ப் பஞ்சாங்கக்காரர்கள் வேறு வழியில் கணக்குப் போட்டார்கள். அதைப் பற்றி ஜான் வாரன் என்ற வெள்ளைக்காரர் எழுதியிருப்பதைப் படித்தால் வியப்பாக இருக்கிறது. மெட்ராஸ் வானாய்வகத்தின் பொறுப்பில் சில காலம் இருந்தவர் அவர். 1825-ல் புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைப் பிடித்து, அந்த வருடம் மே கடைசி இரவில் வரவிருந்த சந்திர கிரகணத்தைக் கணக்கிடச் சொன்னார். அந்த மனிதர் தரையில் சோழிகளைப் பரப்பினார். தாளில்லை, பேனாவில்லை. மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே சோழிகளை நகர்த்தினார். அந்த வாக்கியங்களில் எழுத்துகள்தான் எண்கள். நிலாவுக்கு மட்டும் 248 வாக்கியங்கள், ஏனென்றால் மேலே சொன்ன மூன்றாவது கணக்கில் ஒன்பது சுற்றுக்கு 248 நாள். கிரகணத் தொடக்கத்தில் அவர் கணக்குத் தவறியது 4 நிமிடம். நடுவிலும் முடிவிலும் 23, 24 நிமிடம். சோழியால் போட்ட கணக்குக்கு இது எவ்வளவு நெருக்கம்! ஏன் இப்படிக் கூட்டுகிறீர்கள் என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லையாம். அவர் பெயரை வாரன் ஆங்கிலத்தில் சிதைத்து எழுதிவைத்திருப்பதுதான் எனக்கு வருத்தம்.

1980-க்குத் திரும்புவோம். அன்று முழு நிழல் வடகர்நாடகக் கரையில் ஏறி ஹூப்ளி, ராய்ச்சூர் என்று ஆந்திரத்தைக் கடந்து, கோணார்க், பூரி பக்கம் வங்கக்கடலில் இறங்கியது. சென்னையில் பிற்பகலில் முக்கால்வாசிக்கும் மேல் சூரியன் மறைந்தது. தெருக்கள் ஊரடங்குபோலக் கிடந்ததை அன்றைய ஆட்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கர்ப்பிணிகளை அறையில் பூட்டினார்கள். சோற்றுப் பானையில் தர்ப்பையைப் போட்டார்கள். தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்திப் பார்த்தார்கள். (அடி தட்டையாக இருந்தால் உலக்கை எந்த நாளிலும் நிற்கும். வீட்டில் உலக்கை இருந்தால் இன்றே முயன்று பாருங்கள்.)

கர்ப்பிணியையோ குழந்தையையோ கிரகணம் ஒன்றும் செய்யாது. பட்டினியும் தாகமும்தான் செய்யும். உண்மையான ஆபத்து கண்ணுக்கு. விழித்திரைக்கு வலி தெரியாது என்பதால், எரிந்துபோன பிறகுதான் பார்வையில் கருந்திட்டு விழுந்திருப்பது தெரியவரும். எக்ஸ்-ரே ஃபிலிம், கறுப்புக் கண்ணாடி, தண்ணீரில் பிம்பம் எதுவும் வேண்டாம். ஐ.எஸ்.ஓ. 12312-2 தரம் குறித்த கிரகணக் கண்ணாடி போதும். அதுவும் இல்லையென்றால் ஜல்லிக்கரண்டியை வெயிலில் பிடித்து நிழலைப் பாருங்கள். ஒவ்வொரு ஓட்டையும் தரையில் ஒரு குட்டிப் பிறைச் சூரியனைக் காட்டும்.

சரி, 2034-ல் எங்கே போவது? இந்தியாவில் முழு நிழல் விழப்போவது லடாக்கின் கார்கில் பக்கம். மார்ச்சில் அங்கே கடுங்குளிர். ஸ்ரீநகரிலிருந்து போகும் மலைப்பாதை பனியில் மூடிக்கிடக்கும் பருவம். மேகம் வந்தால் ஜான்சென் கதைதான். சென்னையில் மாலை வேளையில் ஒரு பகுதி மட்டும் மறையும். அதற்கு முன்பே, 2027 ஆகஸ்ட் 2-ல், வேறொரு குடும்பத்தின் பெரிய கிரகணம் இருக்கிறது. எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கும் மேல் இருட்டு. ஜெட்டாவும் மக்காவும் முழு நிழலில். அங்கே வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் டிக்கெட்டே எடுக்க வேண்டாம். 2031 மே 21-ல் கேரளத்திலும் நம் தென்மாவட்டங்களிலும் வளைய கிரகணம். 2019 டிசம்பரில் கோவை, திருச்சி பக்கம் பார்த்தோமே, அந்த ரகம். வளையத்தில் முழு இருட்டு வராது, கரோனாவும் தெரியாது.

கரோனாவைப் பார்க்க இஸ்ரோவே ஒரு வழி செய்துவிட்டது. 2023 செப்டம்பர் 2-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஆதித்யா-எல்1, சூரிய வட்டைத் தானே மறைத்துக்கொண்டு கரோனாவைப் படமெடுக்கிறது. ஆனாலும் நட்டநடுப் பகலில் நட்சத்திரம் முளைப்பதைக் கண்ணால் பார்ப்பது வேறு.

இதையெல்லாம் சொல்ல நொச்சிக்குப்பத்துக்குப் போனேன். லூப் ரோட்டில் பரப்பியிருந்த கடைகள் இப்போது புது மீன் அங்காடிக்குள். ஆயாவைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. 1980-ல் வயிற்றிலிருந்த பெரியவர்தான் இப்போது படகு ஓட்டுகிறார். கணக்கை முழுதாகச் சொல்லி முடித்தேன். 54 வருடம் என்றதும் ஆயா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார்.

"2034-ல மார்ச்சு இருபதா? தடைக்காலத்துக்கு இன்னும் நாலு வாரம் இருக்குமே. வலை பார்க்கிற நேரம்."

"சாயங்காலம்தான் ஆயா. இங்கயே கொஞ்சம் தெரியும். கடல் பக்கம் இல்ல, மேற்க பார்க்கணும்."

"மேற்கயா? ஹவுசிங் போர்டு மாடிக்குத்தான் போவணும்" என்றவர், வந்து நின்ற வாடிக்கையாளரிடம் வஞ்சிரத்துக்கு விலை சொல்லத் திரும்பினார். கிளம்பும்போது கூப்பிட்டுச் சொன்னார்: "அந்தக் கண்ணாடில ரெண்டு எடுத்து வையி தம்பி. மருமவளுக்கும் சேத்து."